கொழும்பு – மாலே: போக ஒரு மணி, வர இரண்டு மணியா?

காலை 10 மணிக்குக் கொழும்பில் கிளம்பும் விமானம் 11 மணிக்கு மாலேயில் இறங்கும் என்கிறது டிக்கெட். அதே விமானம் 12 மணிக்குத் திரும்பினால், கொழும்பு வந்து சேர்வது 2 மணிக்கு. போக ஒரு மணி, வர இரண்டு மணி என்று கணக்குப் போடாதீர்கள். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். இலங்கைக் கடிகாரம் மாலத்தீவுக் கடிகாரத்தைவிட அரை மணி முன்னால் ஓடுகிறது. போகும்போது குறைவதும் வரும்போது கூடுவதும் அந்த அரை மணிதான். உண்மையான பயணம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்.

அதுவும் அதிகமாகத்தான் தோன்றும். கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து மாலேயின் வேலானா நிலையத்துக்கு நேர்த் தூரம் சுமார் 775 கி.மீ. மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும் ஜெட்டுக்கு இது ஒரு மணி நேரம்கூட இல்லையே!

விமான நிறுவனத்தின் கணக்கு வானில் தொடங்குவதில்லை. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரும் நொடியில் தொடங்கி, மறுமுனையில் நிறுத்துமிடத்தில் நிற்கும்போதுதான் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானத்துக்காகக் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். மேலே போனாலும் முதல் 10,000 அடி வரை வழக்கமாக மணிக்கு 460 கி.மீ.தான் வேகம், இறங்கும்போதும் அப்படியே. மாலே ஓடுபாதை வடக்கு – தெற்காகக் கிடக்கிறது. வடகாற்று வீசினால் விமானம் தெற்கே போய்த் திரும்பி இறங்க வேண்டும். தாமதம் என்ற பெயர் வராதிருக்க நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியும் வைக்கின்றன. "குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்" என்ற அறிவிப்பின் பெருமையில் பாதி அந்த நிமிடங்களுக்கே சேரும்.

காற்றின் கதை சுவையானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல்மட்டத்தில் வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. மாலே நோக்கி மேற்கே பறக்கும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று என்றுதான் நினைப்போம். ஆனால் விமானம் பறக்கும் உயரத்தில் நிலைமை தலைகீழ்: அந்த மாதங்களில் அங்கே காற்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. இந்த வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டத்தை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி.கோட்டீஸ்வரம். ஆக, அந்தப் பருவத்தில் மாலேக்குப் போகும் விமானத்தைக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, திரும்பும் விமானத்தை முன்னாலிருந்து தடுக்கிறது. தூரம் குறைவு என்பதால் வித்தியாசம் சில நிமிடங்கள்தான்.

பயணிகள் நிஜமாகவே கவனிக்க வேண்டியது வேறு. வேலானா நிலையம் இருப்பது ஹுல்ஹுலே தீவில். மாலே நகருக்குப் படகு உண்டு. 2018 முதல் பாலமும் உண்டு. தொலைவான தீவு விடுதிகளுக்குப் போக வேண்டியவர்கள் பெரும்பாலும் கடல்விமானம் ஏற வேண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பொழுது சாய்ந்தபின் இறங்கினால் அன்றிரவு மாலே பக்கம்தான் தங்கல். டிக்கெட் எடுக்கும்போது பிற்பகல் 3 மணிக்குள் இறங்கும் விமானமாகப் பாருங்கள்.