வயலில் விழுந்த விண்கல்

2017 ஜூன் 6-ஆம் தேதி விடியற்காலையில், ஜெய்ப்பூரை அடுத்த முகுந்த்புரா கிராமத்து வயலில், வானத்திலிருந்து ஒரு கரிய கல் விழுந்து உடைந்தது. எடை சுமார் 2 கிலோ. அதில் விஞ்ஞானிகள் கண்டது என்ன தெரியுமா? களிமண் தாதுக்கள்!

வானத்துல களிமண் ஏதுன்னு கேட்பீர்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான குறுங்கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. அவை மோதித் தெறித்த துண்டுகளே பெரும்பாலான விண்கற்கள். வயது சுமார் 456 கோடி ஆண்டு. முகுந்த்புரா கல்லின் தாய்க்கோளில் பனிக்கட்டி உருகிய தண்ணீர், ஆலிவின் போன்ற தாதுக்களைக் களிமண் தாதுக்களாக மாற்றிவிட்டது. நம்ம ஊர்ல பாறை நைஞ்சு மண்ணாகிற மாதிரிதான்.

மற்ற விண்கற்கள் பெரும்பாலானவற்றில் இரும்பும் நிக்கலும் கலந்திருக்கும், காந்தம் இழுக்கும். புதிதாக விழுந்ததில் மெல்லிய கரிய ஓடு இருக்கும். ஓட்டை ஓட்டையாக இருந்தால் அது அநேகமாக இரும்புக் கிட்டம்தான்.

அப்படிக் கல் கிடைத்தால் உடைக்காதீர்கள், கழுவாதீர்கள். ஈரம் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், தாதுவும் மாறிப்போகும். அப்புறம் அதன் கதையைப் படிக்க முடியாது. காகிதத்தில் சுற்றி வைத்து, கிராம நிர்வாக அதிகாரி மூலம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள்.