நாற்பதுக்கும் எண்பதுக்கும் நடுவே ஒரு மருத்துவக் கனவு

புது தில்லி: ரேணிகுண்டா ரயில் சந்திப்பிலிருந்து திருப்பதி சுமார் 10 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. எஸ்.வி. மருத்துவக் கல்லூரி, "ஸ்விம்ஸ்" எனப்படும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம், ஸ்ரீ பத்மாவதி மகளிர் மருத்துவக் கல்லூரி எனப் பெரிய மருத்துவ நிறுவனங்கள் பல அந்நகரில் உள்ளன. தலசீமியா நோய்க்காக ரத்தம் ஏற்றிக்கொள்ளும் ஓர் இளைஞர், இத்தகைய வளாகம் ஒன்றில் மருத்துவ மாணவராக நுழைய முடியுமா?

இக்கேள்விக்கான விடையை நெடுங்காலமாக ஒரு சதவிகித எண்தான் தீர்மானித்து வந்தது. அந்த எண்ணின் ஆதிக்கத்தை உச்ச நீதிமன்றம் தகர்க்கத் தொடங்கியிருக்கிறது. ஆயினும் போராட்டம் முடிந்துவிடவில்லை.

தேர்வுக்கு முன்பே தேர்வு

கடுமையான தலசீமியா உள்ளவர்களுக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்றத் தொடர்ந்து மருந்தும் உட்கொள்ள வேண்டும். இதற்கிடையே பிளஸ் 2, பிறகு "நீட்". தேர்ச்சி பெற்றாலும் மாற்றுத் திறனாளி அடையாள அட்டை, மருத்துவ வாரியச் சான்றிதழ், குறுகிய காலக்கெடுவுக்குள் கலந்தாய்வு என அலைச்சல் தொடர்கிறது.

மாநில இடங்களுக்கு விஜயவாடாவிலுள்ள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தை நாட வேண்டும். அகில இந்திய இடங்களுக்குச் சான்றிதழ் வழங்க அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் ஒன்று சென்னை மருத்துவக் கல்லூரி. அது ரேணிகுண்டாவிலிருந்து ரயிலில் சுமார் 135 கி.மீ. தொலைவு. ரத்தம் ஏற்ற வேண்டிய நாளும் வாரியத்தின் முன் நிற்க வேண்டிய நாளும் ஒன்றாக அமைந்தால், எதைத் தள்ளிப்போடுவது?

சட்டம் கொடுத்ததும் விதி எடுத்ததும்

1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ரத்த நோய்களுக்கு இடமில்லை. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் நோய் உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவிகிதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ளவர்களுக்குக் குறைந்தபட்சம் 5 சதவிகித இட ஒதுக்கீட்டையும் வழங்கியது. சத்தீஸ்கரைச் சேர்ந்த தலசீமியா நோயாளி ஒருவர், அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் சென்று மருத்துவ இடம் பெற்றார்.

ஆனால், 2019 மே மாதம் வெளியான மருத்துவக் கல்வி விதிகள் வேறொரு வேலியைப் போட்டன. ரத்த நோய்களைப் பொறுத்தவரை பாதிப்பு 40 சதவிகிதத்துக்குக் குறைவு என்றால் ஒதுக்கீடு இல்லை. 80 சதவிகிதத்தைத் தாண்டினால் மருத்துவப் படிப்பே இல்லை. ஒழுங்காகச் சிகிச்சை பெற்று நோயைக் கட்டுக்குள் வைத்தவர் சலுகையை இழக்கலாம். நோய் முற்றியவர் வாய்ப்பையே இழப்பார். எண் நோயை அளந்தது. நோயாளியின் திறனை அளக்கவில்லை.

மாறிய பார்வை

பேச்சுக் குறைபாடுள்ள மகாராஷ்டிர மாணவர் ஒருவரின் வழக்கில், நீதிபதிகள் பி.ஆர். கவாய், அரவிந்த் குமார், கே.வி. விஸ்வநாதன் அமர்வு 2024 அக்டோபர் 15-ல் தீர்ப்பளித்தது. பாதிப்பு 40 சதவிகிதத்தை எட்டிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் நிராகரிக்கக் கூடாது. அவரால் படிப்பை மேற்கொள்ள முடியுமா என்பதையே வாரியம் ஆராய வேண்டும் என்பது அதன் சாரம்.

பத்து நாள்களில், 80 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட தசைச் சிதைவு பாதிப்புள்ள மாணவரின் வழக்கில் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வும் இதே வழியில் சென்றது. மதிப்பீட்டு வாரியங்களில் மாற்றுத் திறனாளி மருத்துவர் ஒருவரோ சுகாதார நிபுணர் ஒருவரோ இடம்பெற வேண்டும் என்றது. "இரு கைகளும் குறையின்றி இருக்க வேண்டும்" என்ற நிபந்தனையை 2025 பிப்ரவரியில் மற்றோர் அமர்வு கடுமையாகச் சாடியது. அதன் பின்னர், 2025 ஜூலையில் தேசிய மருத்துவ ஆணையம் இடைக்கால வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

வேலூர் சொல்லும் பாடம்

இந்த விவாதத்துக்கான சான்றைத் தேடி வெகுதூரம் செல்லத் தேவையில்லை. 1911 வரை சித்தூருடன் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அங்கு மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விபத்துக்குப் பிறகு அவர் மருத்துவம் பயில விண்ணப்பித்திருந்தால், 2019-ன் கணக்கு அவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கக்கூடும்.

இடம் கிடைத்த பின்

கல்லூரிக்குள் நுழைந்த பிறகும் நோய் உடன்தான் இருக்கும். எம்.பி.பி.எஸ். படிப்பில் வகுப்புகளுக்கு 75 சதவிகித வருகையும் செய்முறைக்கு 80 சதவிகித வருகையும் வேண்டும். மாதம் ஓரிரு நாள்கள் ரத்தம் ஏற்றச் செலவிடும் மாணவருக்கு அந்த நாள்களை எப்படிக் கணக்கிடுவது? விடுதியில் மருந்தைக் குளிரூட்டி வைக்க வசதி உண்டா? இரவுப் பணியை மாற்றித் தருவார்களா? இன்சுலின் சார்ந்து வாழும் முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 21 வகைகளுக்குள் வரவே இல்லை. இட ஒதுக்கீடு இல்லாத அவர்களுக்கும் இக்கேள்விகள் பொருந்தும்.

வழக்கறிஞரும் வாய்தாவுமாகத் தில்லி வரை வர முடிந்தவர்களுக்கே இதுவரை பெரும்பாலும் நீதி கிடைத்திருக்கிறது. ரேணிகுண்டாவில் ஊசியையும் புத்தகத்தையும் ஒரே பையில் சுமக்கும் மாணவருக்கு, உச்ச நீதிமன்றத்தின் படியேறாமலே அது கிடைக்க வேண்டும். அதற்கான பொறுப்பு ஆணையத்துக்கும் மத்திய, மாநில அரசுகளுக்கும் உண்டு. நோயின் வலியை உடலால் அறிந்த ஒருவர் மருத்துவராவது அவருக்கு நாம் காட்டும் சலுகை அல்ல. நாளைய நோயாளிகளுக்குக் கிடைக்கும் லாபம்.