சி.டி.யில் இருக்கும் பாட்டைக் காப்பாற்றுங்கள்

விடுமுறைக்குச் சென்னை போய்த் திரும்பும்போது அப்பளம், வடாம், காப்பிப் பொடியோடு நான்கைந்து சி.டி.க்களையும் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தவர்கள் நம்மில் பலர். கச்சேரிகள், பக்திப் பாடல்கள், பழைய சினிமாப் பாட்டுகள் என்று அவை இன்னும் அலமாரியில் இருக்கின்றன. ஆனால் போட்டுக் கேட்கும் கருவி பல வீடுகளில் இல்லை. புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் சி.டி. டிரைவே கிடையாது.

"எல்லாம்தான் மொபைலில் கிடைக்கிறதே" என்று பிள்ளைகள் சொல்வார்கள். எல்லாம் கிடைப்பதில்லை. சிறிய கம்பெனிகள் வெளியிட்ட பல கச்சேரிகள் அங்கே இல்லை. வீட்டுக் கல்யாணக் கச்சேரியும் பாட்டி பாடிய தாலாட்டும் நிச்சயமாக இல்லை. ஆகவே இவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைப்பது அவசியம். இதை ஒரே முறை, ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

எதை முதலில் மாற்றுவது?

கடையில் வாங்கிய சி.டி. அச்சில் வார்த்தது. வீட்டில் பதிவு செய்த சி.டி.யிலோ ஒருவிதச் சாயத்தில்தான் பதிவு இருக்கிறது. வெளிச்சமும் சூடும் அதைக் கெடுக்கும். எனவே வீட்டில் எழுதிய சி.டி.க்களை முதலில் எடுங்கள். தூசியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. யு.எஸ்.பி.யில் இணைக்கும் சி.டி. டிரைவ் ஒன்று போதும்.

சரியாகப் படிப்பது

ஆடியோ சி.டி.யில் ஒலி விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக, இரண்டு சேனல்களில் பதிவாகியிருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். சிறு கீறல்களைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு அதிலேயே உண்டு. கீறல் பெரிதானால், விட்டுப்போன எண்ணை அக்கம்பக்கத்து எண்களை வைத்து பிளேயர் ஊகித்துவிடும். டேட்டா சி.டி.யில் இருக்கும் கூடுதல் திருத்த அடுக்கு ஆடியோ சி.டி.யில் கிடையாது. எனவே சாதாரண சாஃப்ட்வேர் "காப்பி முடிந்தது" என்று சொன்னாலும், எல்லாம் சரியாக வந்துவிட்டதாக அர்த்தமில்லை.

விண்டோஸுக்கு 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி', மேக்குக்கு 'எக்ஸ்.எல்.டி.' என்று இலவச சாஃப்ட்வேர்கள் உள்ளன. 'செக்யூர்' முறையில் இவை ஒரே பகுதியைத் திரும்பப் படித்து ஒப்பிடும். வேறுபட்டால் மறுபடியும் படிக்கும். ரயில்வேயில் ஒரு ஸ்டேஷன் போனில் சொன்னதை அடுத்த ஸ்டேஷன் திருப்பிச் சொல்லி உறுதி செய்கிற மாதிரிதான் இது.

'அக்யூரேட்ரிப்' என்ற வசதியையும் இயக்குங்கள். அதே சி.டி.யை வேறு ஊர்களில் மாற்றியவர்களுக்குக் கிடைத்த சரிபார்ப்பு எண்ணோடு உங்களுடையதை அது ஒப்பிடும். பொருந்தினால் கவலையில்லை. வீட்டுப் பதிவுகளுக்கும் அபூர்வமான சி.டி.க்களுக்கும் அங்கே விவரம் இருக்காது. அவற்றை இரண்டு முறை, முடிந்தால் இரண்டு வெவ்வேறு டிரைவ்களில் படித்து, எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள்.

எந்த ஃபார்மட்?

எம்பி3, காதுக்குப் புலப்படாது என்று கருதும் ஒலிகளை நீக்கிச் சுருக்குகிறது. நீக்கியது திரும்ப வராது. 2001-இல் வெளிவந்த 'ஃப்ளாக்' எதையும் நீக்காமல், ஏறக்குறையப் பாதி அளவுக்குச் சுருக்கும். ஒரு 1 டி.பி. ஹார்ட் டிஸ்கில் இரண்டாயிரம் சி.டி. அடங்கும். மூல ஒலியின் சரிபார்ப்பு எண் ஃப்ளாக் ஃபைலுக்குள்ளேயே இருப்பதால், பத்து வருஷம் கழித்தும் ஃபைல் கெட்டிருக்கிறதா என்று சோதிக்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. ராகம், தானம், பல்லவியைத் தனித்தனி டிராக்காகப் பிரித்த சி.டி.யை எம்பி3 ஆக்கினால் நடுவில் சின்ன இடைவெளி விழுவது உண்டு. ஃப்ளாக்கில் அந்தத் தொல்லை இல்லை.

காருக்கு எம்பி3 வேண்டுமானால் ஃப்ளாக்கிலிருந்து செய்துகொள்ளுங்கள். எம்பி3-ஐ ஃப்ளாக்காக மாற்றுவதில் பயனில்லை, இழந்தது இழந்ததுதான்.

பெயர் எழுதுவது

பாடியவர், ஆல்பம், பாட்டு, வருஷம் ஆகியவற்றை ஃபைலுக்குள் எழுதி வைப்பதற்கு 'டேக்' என்று பெயர். சாஃப்ட்வேர் இணையத்திலிருந்து தானாகவும் நிரப்பும், ஆனால் அப்படியே நம்ப வேண்டாம். தியாகராஜர் பெயரை ஆங்கிலத்தில் எச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவார்கள். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர். ஒரே எழுத்துக்கூட்டலை நிர்ணயித்து 'எம்பி3டேக்' போன்ற சாஃப்ட்வேரில் திருத்துங்கள். ஃப்ளாக்கில் ராகம், தாளம், பக்கவாத்தியம் என்று தனிக் கட்டங்களும் சேர்க்கலாம். சில பிளேயர்கள் அவற்றைக் காட்டாது. எனவே ராகத்தைப் பாட்டின் பெயரோடும் சேர்த்து எழுதுங்கள். தமிழிலும் எழுதலாம். ஆனால் இங்கே வளரும் பேரக் குழந்தைகள் பலருக்குத் தமிழ் படிக்க வராது, ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் இரண்டு டிஸ்குகளில் நகல் வையுங்கள். ஒன்று வெளியூரில் இருக்கும் மகன் அல்லது மகள் வீட்டில் இருக்கட்டும். சி.டி.க்களையும் தூக்கிப் போடாதீர்கள். நமது காப்புரிமைச் சட்டம் சொந்த உபயோகத்திற்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஊருக்கெல்லாம் விநியோகிப்பது வேறு விஷயம்.

கடைசியாக ஒன்று. கடையில் வாங்கிய சி.டி.யின் விவரத்தை எப்போது வேண்டுமானாலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். வீட்டுப் பதிவில் பாடுவது பெரிய அத்தையா, சின்னப் பாட்டியா, அது எந்த வருஷத்து நவராத்திரி என்பதெல்லாம் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமே தெரியும். இந்த வாரமே அவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதை டேக்கில் எழுதிவிடுங்கள்.