பார்த்தவர் எத்தனை, வாங்கியவர் எத்தனை?

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற ஆடி மாதம் மீஞ்சூர் வட்டாரத்தில், காட்டுப்பள்ளிப் பக்கம் கருவாடு போடும் ஒரு மகளிர் குழுவைப் பார்க்கப் போயிருந்தேன். "சார், படகு கரைக்கு வர்ற வீடியோவை இன்ஸ்டாகிராம்ல ஒன்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க. கருவாடு மட்டும் மூட்டையிலேயே கெடக்குது" என்றார் குழுத் தலைவி. அந்த வீடியோவைப் பரப்ப மாதம் ஐந்நூறு ரூபாய் விளம்பரக் கட்டணம் வேறு. கடன் வாங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு அது சின்னத் தொகை அல்ல. தொடர்ந்து கட்டுவதா, நிறுத்துவதா என்று கேட்டார்கள்.

நோட்டு இருக்கிறதா என்றேன். வரவு செலவு நோட்டு இருந்தது. ஆனால் வாங்கியவர் எதைப் பார்த்து வந்தார் என்று ஒரு வரிகூட இல்லை. சும்மா சொல்லக் கூடாது, நாங்களும் அப்படித்தான். பயிற்சிக் கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணி எழுதிவிடுவோம். அதில் எத்தனை பேர் விதை நேர்த்தி செய்தார்கள் என்று வயலில் போய்ப் பார்ப்பது குறைவு.

'ரேடியோ நெல்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1960களில் ஆடுதுறை 27 ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி எடுத்துச் சொன்னது. தஞ்சாவூர் விவசாயிகள் அந்த ரகத்துக்கே ரேடியோ நெல் என்று பேர் வைத்துவிட்டார்கள். எத்தனை வீட்டில் ரேடியோ பாடியது என்ற கணக்கைவிட இது பெரிய அத்தாட்சி. ஆனாலும் அப்போது அந்த மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டமும் நடந்தது. ஆகவே எல்லாம் ரேடியோவால்தான் என்று சொல்லிவிட முடியாது. இந்தச் சந்தேகத்துக்கு வழி அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1956ல் புனேயில் வானொலி கிராம மன்றங்களைச் சோதித்தபோது, மன்றம் இல்லாத கிராமங்களையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். செய்விளக்கத் திடலில் உரம் போடாத பாத்தி ஒன்றை விட்டு வைக்கிறோமே, அதே முறை.

குழுவுக்கும் இதைத்தான் சொன்னேன். இரண்டு வாரம் கட்டணம் கட்டுங்கள், இரண்டு வாரம் நிறுத்துங்கள். வாங்குகிற ஒவ்வொருவரிடமும் "எதைப் பாத்து வந்தீங்க?" என்று கேட்டு, எத்தனை கிலோ என்பதோடு எழுதுங்கள். வாட்ஸப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதற்குள் பார்த்தவர் கணக்கையும் குறித்துவிடுங்கள். நாளைப் பார்த்து ஒப்பிட வேண்டும். துறைமுகத்திலும் அனல் மின் நிலையத்திலும் வேலை பார்ப்பவர்கள் சம்பளம் வாங்கிய வாரத்தை மாதக் கடைசியோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். புரட்டாசியில் கருவாடு போகவில்லை என்றால் அது வீடியோவின் குற்றமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அப்படியே. சரக்கு வரத்து குறைந்தால் விலையும் விற்பனையும் மாறிவிடும்.

லாபத்தையும் பாருங்கள். கிலோவுக்கு நூறு ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். ஐந்நூறு ரூபாயை மீட்கவே கூடுதலாக ஐந்து கிலோ விற்க வேண்டும். வீடியோ எடுக்கும் மத்தியானப் பொழுதுக்குக் கூலி போட்டால் இன்னும் கூடும்.

நாலு வாரம் கழித்து நோட்டைப் பார்த்தோம். மொத்தம் 31 பேர். ஸ்டேட்டஸில் போட்ட சாதாரண போட்டோவைப் பார்த்து வந்தவர்கள் 18. அதில் நெத்திலி கால் கிலோ என்ன விலை, எந்தக் கிழமை மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள் 11. வீடியோ பார்த்து வந்தவர்கள் இரண்டே பேர். காரணம் தெரியாமல் இல்லை. இன்ஸ்டாகிராம் வணிகக் கணக்கில், பின்தொடர்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்ற விவரம் இருக்கிறது. பாதிக்கு மேல் வெளியூர். படகை ரசித்தவர் கருவாட்டுக்காக அத்திப்பட்டு வரை வருவாரா?

வீடியோவே வேண்டாம் என்று தலைவி சொல்லிவிட்டார். நான்தான் நிறுத்தினேன். அந்த இரண்டு பேரில் ஒருவர் சென்னைக் கடைக்காரர். பத்து கிலோ ஒரே தடவையில் எடுத்தவர். இங்கேயும் தலையை மட்டும் எண்ணினால் ஏமாந்து போவோம். ஆனால் அவர் வந்தது கட்டணம் கட்டாத இரண்டு வாரத்தில். ஆகவே வீடியோ இருக்கட்டும், கட்டணத்தை நிறுத்துவோம் என்று முடிவாயிற்று. 31 பேர் கணக்கு சிறிய கணக்குத்தான். இன்னும் இரண்டு மாதம் எழுதச் சொல்லியிருக்கிறேன். வீடியோவுக்குக் கீழேயும் இப்போது விலையும் கிழமையும் போடுகிறார்கள்.