பேரன் நீட்டிய சீட்டும் ரிச்சி தெருக் கொள்முதலும்



பருப்பு, எண்ணெய், மல்லாட்டை என்று எழுத வேண்டியவன் கம்ப்யூட்டர் சாமான் வாங்கிய கதையை எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலர் வீட்டுப் பிள்ளைகள் இன்று இதைத்தான் கேட்கிறார்கள். கேட்கும் தொகையும் சிறிய தொகை அல்ல. எந்தச் சாமான் எதற்கு என்று தெரியாததால், ஒன்று கேட்டதைக் கொடுத்துவிடுகிறோம், இல்லையேல் திட்டி அனுப்பிவிடுகிறோம். நான் இரண்டையும் செய்தவன்.

2025 மே மாதம், கல்லூரியில் சேரக் காத்திருந்த என் பேரன் மண்டிக்கு வந்து ஒரு சீட்டை நீட்டினான். கேம் ஆடும் கம்ப்யூட்டருக்குச் சாமான் மாற்ற வேண்டுமாம். கை மாறிய இன்டெல் ஐ9 13900கே பிராசசர் ஒன்று, அதற்கு இசட்790 மதர்போர்டு, தண்ணீரால் குளிரவைக்கும் கருவி, புது ரேம், பெரிய பவர் சப்ளை. கூட்டினால் 75 ஆயிரம். எதற்கு இவ்வளவு என்றேன். "இதுல ஓவர்கிளாக் பண்ணலாம் தாத்தா" என்றான்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் சீட்டை மடித்து வைத்துவிட்டேன். காரணம் உண்டு.

1999இல் கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கினேன். உள்ளே இருந்தது இன்டெல் செலரான் 300ஏ. அப்போது என் மகனுக்குப் பதினாறு வயது. இரவில் கடை அடைத்த பிறகு அதில் கேம் ஆடுவான். ஆட்டம் வேகமாக ஓடவேண்டும் என்று உள்ளே எதையோ மாற்றி வைத்திருக்கிறான். பொங்கல் வியாபார நெருக்கடியில் ஒரு நாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் ஒன்பது மாதப் பற்று வரவைக் காணோம். நகல் எடுத்து வைக்கும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை. சில்லறைக் கடைக்காரர்களில் நாணயஸ்தர்கள் தாங்களே பாக்கியைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சிலர் சொல்லவில்லை. நாற்பதாயிரத்துக்குக் குறையாமல் போயிற்று. மூட்டை தூக்கும் ஆட்கள் எதிரிலேயே பிள்ளையைக் கை நீட்டி அடித்துவிட்டேன். இன்று அவன் என்னோடு மண்டியைப் பார்க்கிறான். ஆனால் அன்றிலிருந்து கம்ப்யூட்டர் பக்கம் பில் போடுவதற்கு மேல் போனதில்லை.

பேரன் வந்து போன அன்று இரவு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் ஓவர்கிளாக் என்றால் என்ன என்று முதல் தடவையாகக் கேட்டேன். அவன் சொன்ன உதாரணம் எனக்கு உடனே விளங்கியது.

மல்லாட்டை உடைக்கும் மிஷினை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மோட்டாரில் இருக்கும் புல்லியைக் கழற்றிப் பெரிய புல்லி மாட்டினால், அதே மோட்டார், அதே மிஷின், வேகம் கூடும். மணிக்கு அதிக மூட்டை உடைக்கலாம். ஆனால் பேரிங் சுடும். பருப்பும் இரண்டாக உடைந்து கழிவு கூடும். ஓவர்கிளாக்கிங் என்பதும் இதுவேதான். மதர்போர்டு ஒரு அடிப்படை வேகத்தைக் கொடுக்கிறது. பிராசசர் அதை ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. செலரான் 300ஏயில் அடிப்படை 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கும் எண் நாலரை, ஆக 300. அடிப்படையை 100 என்று வைத்தால் 450. விலை குறைந்த சரக்கு, அதைவிடப் பல மடங்கு விலை உள்ள சரக்கின் வேகத்தில் ஓடும். 1998இல் இது வந்தபோது உலகம் முழுக்க இளைஞர்கள் இதை வாங்கி அப்படித்தான் ஓட்டினார்கள்.

"நம்ம கம்ப்யூட்டர் நூறுல நிக்கலப்பா, அதனால 83 வெச்சேன். தப்பு அங்கதான்" என்றான். கார்டுகளுக்கும் ஹார்டு டிஸ்குக்கும் போகும் பாதையின் வேகம் 33ஆக இருக்கவேண்டும். 100 என்று வைத்தால் மதர்போர்டு அதை மூன்றால் வகுத்துக் கொடுக்கும், சரியாக 33 வரும். 83 என்று வைத்தால் இரண்டால்தான் வகுக்கும், 41க்கு மேல் போய்விடும். பிராசசர் தாங்கியது, டிஸ்க்கில் எழுதிய கணக்கு கெட்டது. பருப்பு உடைந்த கதைதான். இருபத்தைந்து வருஷமாக இது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இனி பேரனின் சீட்டுக்கு வருவோம்.

வேகத்தைக் கூட்ட விடாமல் பிராசசரில் பூட்டுப் போட்டவர்கள் கம்பெனிக்காரர்களே. அதற்கு ஒரு காரணம் நம் இனத்தார்தான் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 1990களில் குறைந்த வேகச் சரக்கின் மேல் எழுத்தை அழித்துவிட்டு அதிக வேக எண்ணை அச்சடித்து விற்ற வியாபாரிகள் இருந்தார்கள். அதன் பிறகுதான் இன்டெல் பெருக்கும் எண்ணைப் பூட்டியது. 2010 முதல் பூட்டில்லாத சரக்குக்குக் 'கே' என்ற எழுத்தைச் சேர்த்துத் தனி விலைக்கு விற்கிறது. அதை வேகம் கூட்டி ஓட்டவேண்டுமானால் மதர்போர்டும் 'இசட்' வகையாக இருக்கவேண்டும். பிராசசருக்கு ஒரு கூடுதல், போர்டுக்கு ஒரு கூடுதல், குளிர்ச்சிக்கு ஒரு கூடுதல். ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் வகையில் பெரும்பாலும் பூட்டு இல்லை. பி450, பி550 போன்ற நடுத்தர விலை போர்டுகளிலேயே வேகத்தைக் கூட்டலாம். ஏ320, ஏ520 போன்ற போர்டுகளில் முடியாது.

ஆனால் இவ்வளவும் கொடுத்தால் என்ன கிடைக்கும்? அன்றைய செலரானில் நூற்றுக்கு ஐம்பது வேகம் கூடியது. இன்றைய பிராசசர்களைக் கம்பெனியே கடைசி எல்லை வரை ஓட்டித்தான் அனுப்புகிறது. அந்த ஐ9 தானாகவே 5.8 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 253 வாட் வரை இழுக்கும். மூன்று சீலிங் பேன் ஓடும் கரண்ட். அதற்கு மேல் நாம் பிழிந்தால் நூற்றுக்குச் சில பங்குதான் வரும். சூடோ வேறு கணக்கில் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டி, அதற்காக வோல்டேஜையும் பத்து சதவீதம் கூட்டினால், கரண்டும் சூடும் முப்பத்து மூன்று சதவீதம் கூடும். விழுப்புரத்துக் கத்திரி வெயிலில் அறையே நாற்பது டிகிரியைத் தொடும்போது இந்தச் சூட்டை எங்கே தள்ளுவது?

அந்தக் கை மாறிய சரக்கில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் சில, யாரும் வேகம் கூட்டாமலே, தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறிக் கெட்டுப்போயின. 2024இல் கம்பெனி இதை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது, பெட்டியில் விற்ற சரக்குக்கு உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே கெட்டதைத் திருத்தம் சரிசெய்யாது. இன்னொருவர் எப்படி ஓட்டினாரோ தெரியாத ஐ9ஐ பில் இல்லாமல் வாங்குவது, பூச்சி விழுந்த பருப்பை மூட்டை அவிழ்க்காமல் வாங்குவதற்குச் சமம். உத்தரவாதமும் இல்லை. வேகம் கூட்டி ஓட்டியதால் வந்த சேதத்துக்கு இன்டெல்லும் பொறுப்பேற்காது, ஏ.எம்.டி.யும் பொறுப்பேற்காது.

சீட்டில் எனக்குப் பட்ட பெரிய குறை வேறு. இருக்கிற கம்ப்யூட்டரில் எது தடுக்கிறது என்று அவன் பார்க்கவே இல்லை. கோணி தைக்கும் ஆள் ஒருவன்தான் என்றால், எடை போட நாலு ஆள் வைத்து என்ன பயன்? அவனிடம் இருந்தது 2020இல் கொரோனா காலத்து ஆன்லைன் படிப்புக்காக வாங்கியது. ரைசன் 3 3200ஜி, பி450 போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே குச்சி, ஜி.டி.எக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. இந்தக் கார்டை மாற்ற அவன் சீட்டில் ஒரு ரூபாய் கூட இல்லை!

விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் என்று ஒன்று உண்டு. ஆட்டம் ஓடும்போது அதைத் திறந்து பார்க்கச் சொன்னான் என் மகன். பெரிய ஆட்டங்களில் கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் திணறியது, பிராசசர் அறுபதில் இருந்தது. சுடும் ஆட்டமான வாலரண்டில் நேர்மாறு. பிராசசர் நூறு, கார்டு ஐம்பது. ரேம் இரண்டிலும் நிரம்பி வழிந்தது. ஆகவே மாற்ற வேண்டியவை கார்டு, பிராசசர், ரேம். போர்டை மாற்றத் தேவையே இல்லை. பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால் அதே பி450இல் ரைசன் 5 5600 உட்காரும்.

எங்கள் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை இல்லாமல் எடுத்தேன் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். எதை வாங்காமல் வேலையை முடிக்கலாம் என்று யோசித்த ராஜா. பேரனுக்கு இதைச் சொன்னேன். சிரித்தான்.

ஜூன் மாதம் மூவரும் சென்னைக்கு ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் சந்துக்குச் சந்து இதே வியாபாரம். நமக்குப் பழகிய கொத்தவால்சாவடி வாசனை இல்லையே தவிர, பேரம் அதே பேரம்தான். ஒரு கடையில் பில் வேண்டாமென்றால் விலை குறைப்பதாகச் சொன்னார்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம்தான். மூன்று வருஷ உத்தரவாதம் அந்தத் துண்டுக் காகிதத்தில்தானே இருக்கிறது? வேண்டாம் என்று வந்துவிட்டோம். பிராசசரில் பெட்டிச் சரக்கு, தட்டுச் சரக்கு என்று இரண்டு உண்டு. தட்டுச் சரக்கு கொஞ்சம் மலிவு. அதற்குக் கம்பெனி நேரடி உத்தரவாதம் தராது, விற்றவர்தான் பொறுப்பு. பெட்டிச் சரக்கையே வாங்கி, பெட்டி மேலுள்ள வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்கினோம். இன்னொரு கடைக்காரர், உங்கள் மண்டி ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுங்கள், வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றார். வீட்டு உபயோகப் பொருளுக்கு அந்தக் கழிவு கிடையாது. பேரன் விளையாட்டை வியாபாரக் கணக்கில் எழுதக்கூடாது.

வாங்கியது: ரைசன் 5 5600, ஆர்.எக்ஸ் 7600 கார்டு, 8 ஜிபி ரேம் இரண்டு குச்சி, 550 வாட் பவர் சப்ளை. எல்லாம் சேர்த்து 43 ஆயிரத்துச் சில்லறை. குளிர்ச்சிக்குப் பிராசசர் பெட்டியிலேயே விசிறி வந்தது. பவர் சப்ளையில் மட்டும் மலிவு பார்க்கவில்லை. எத்தனை வாட் என்று பெயர் ஒட்டியிருந்தாலும், எடை குறைந்த டப்பா அதைத் தராது. வெடித்தால் மற்றவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகும். 80 பிளஸ் முத்திரை உள்ளதாகப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு பாரத்திலும், பாதிப் பாரத்திலும், முழுப் பாரத்திலும் குறைந்தது 80 சதவீதம் திறன் வேண்டும் என்பது அதன் விதி.

ரேம் விஷயத்தில் நல்ல வேளை. 2025இன் கடைசி மாதங்களில் ஏ.ஐ. கம்பெனிகள் கிடைத்த நினைவகச் சரக்கையெல்லாம் அள்ளிக்கொண்டதால், அந்தக் குச்சிகளின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பெரிய ஆலைக்காரன் களத்திலேயே மல்லாட்டையை மடக்கினால் நம் சந்தையில் என்ன ஆகுமோ அதுதான்.

மாட்டிய பிறகும் ஒரு வேலை இருந்தது. பெட்டியில் 3200 என்று அச்சடித்த ரேம், கம்ப்யூட்டரில் 2666 என்று காட்டியது. பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்பதைப் போட்டால்தான் சொன்ன வேகத்தில் ஓடுமாம். காசு கொடுத்தும் குறை எடையில் எத்தனை வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதோ! இதுவும் ஒருவகை ஓவர்கிளாக்தான் என்பதால், போட்ட பிறகு இரவு முழுக்கச் சோதனை ஓட்டச் சொன்னான் மகன். பிழை ஒன்றும் வரவில்லை.

பேரனுக்கு ஆசை விடவில்லை, பிராசசரையும் ஏதாவது செய்யவேண்டும் என்றான். அப்போது என் மகன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏத்தாதடா, இறக்கு" என்றான். ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்று ஒன்று இருக்கிறது. வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் குறைப்பது. கழித்தல் 20 வைத்தார்கள். சூடு 84இலிருந்து 72 டிகிரிக்கு இறங்கியது. ஆனால் மூன்றாம் மணி நேரத்தில் சோதனை நின்றுவிட்டது. ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு தினுசு, ஒரே மூட்டையில் வந்த பருப்புப் போல் இருக்காது. கழித்தல் 15க்கு வந்தார்கள். விடிய விடிய ஓடியது.

நான் தூங்கப் போகும் முன் மண்டிக் கம்ப்யூட்டரின் கணக்கை இரண்டு டிஸ்க்கில் நகல் எடுத்து ஒன்றைப் பீரோவில் வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தபோது அப்பனும் பிள்ளையும் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.