கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்!

தோட்டத்து மக்களுக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் பெயர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அந்தப் புத்தகத்தையே கண்ணில் காட்ட மறுத்தால் என்ன செய்வீர்கள்?

இந்தியாவில் ராஜஸ்தான் மாநிலக் கூலித் தொழிலாளர்களுக்கு இந்த நிலைதான் வந்தது. அரசாங்க வேலையில் சாலை போட்டார்கள், குளம் வெட்டினார்கள். ஆனால் சட்டப்படியான கூலி கைக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டைக் கேட்டால், அது அரசாங்க இரகசியம் என்று பதில் வந்தது. உழைத்தவன் தன் கூலிக் கணக்கைப் பார்ப்பதில் என்ன இரகசியம்?

1990இல் அவர்கள் அருணா ராய் போன்றோருடன் சேர்ந்து 'மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பைத் தொடங்கினர். 1994 முதல் கிராமம் கிராமமாக மக்களைக் கூட்டி, கிடைத்த கணக்குகளை உரக்கப் படித்தனர். வேலைக்கே வராதவர் பெயரிலும், ஏன், இறந்து போனவர் பெயரிலும்கூடக் கூலி எழுதப்பட்டிருந்தது! 1996இல் பியாவார் நகரில் 40 நாட்கள் மறியல் நடந்தது. மறு ஆண்டு தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. 2005இல் அது இந்தியாவின் தேசியச் சட்டமாயிற்று. எழுதிக் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில்.

"அது இந்தியாவில், நமக்கென்ன?" என்கிறீர்களா? 2011இல் சிலாங்கூர் சட்டமன்றமும் பினாங்கு சட்டமன்றமும் தகவல் பெறும் சட்டங்களை நிறைவேற்றின. மாநில இலாகா, மாவட்ட நில அலுவலகம், நகராண்மைக் கழகம் ஆகியவற்றிடம் உள்ள தகவலை அங்குள்ளோர் எழுதிக் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பாரத்தில் குறிக்க வேண்டும். ஆனால் இரகசியம் என முத்திரையிட்ட ஆவணம் கிடைக்காது. பதிவிலாகா போன்ற மத்திய அரசாங்க அலுவலகங்களுக்கு இந்த மாநிலச் சட்டங்கள் செல்லா.

தோட்டம் கைமாறப் போகிறது, வீட்டை இடிக்கப் போகிறார்கள், கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ தெரியவில்லை என்று புலம்புகிறோம் அல்லவா? மற்ற மாநிலத்தவரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தீபகற்ப மலேசியாவில் நிலப் பதிவேட்டைக் கட்டணம் செலுத்தி எவரும் தேடிப் பார்க்கலாம். கிராண்டு யார் பெயரில் உள்ளது, அடகில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். மண்வாரி இயந்திரம் வாசலுக்கு வந்தபின் அழுவதைவிட, வருமுன் கேட்பது மேல் அன்றோ?

எதையும் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். தேதியிட்டு எழுதிக் கொடுங்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மலாய் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் படிப்பு குடும்பத்துக்குப் பயன்படும் நேரம் இதுதான். தனியாகப் போகத் தயக்கமா? நாலு பேர் சேர்ந்து போங்கள்.

அலுவலகத்து அலமாரியில் கிடப்பது வெறும் காகிதமல்ல. நம் கூலி, நம் வீடு, நம் நிலம்!