மீட்டரில் ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம்

பழைய கார் வாங்கப் போறேன்னு சொன்னால் நம்ம ஊரில் வரும் முதல் கேள்வி "எவ்ளோ ஓடியிருக்கு?" இரண்டாவது, "மைலேஜ் எவ்ளோ தருது?" (மைலேஜ் என்றால் நமக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது மட்டும்தான். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு "ஹை மைலேஜ் கார்" என்று நம்ம ஆட்களிடம் கேட்டால், டீசல் கம்மியாகக் குடிக்கும் வண்டியைக் காட்டுவார்கள்.) அந்த முதல் கேள்விக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

எனக்கு இருந்த தேவை இது. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். அப்பாவை வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குச் சிதம்பரம் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். ஒரு வழிக்கு சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் குறைவில்லை, ஆனால் நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்த மனுஷரைக் கூட்டத்தில் நிற்க வைக்க முடியாது. கையில் இருந்தது மூன்றரை லட்சம்.

தேடியதில் இரண்டு வண்டி தேறியது. ஒன்று கடலூரிலேயே, ஒரு புரோக்கர் மூலமாக: 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார், மீட்டரில் 58,000, விலை 3,40,000. இன்னொன்று சிதம்பரத்தில், ரிட்டயர் ஆன ஒரு அரசு ஊழியருடையது: 2015 டிசையர் டீசல், மீட்டரில் 1,82,000, விலை 2,70,000. வீட்டில் எல்லாருமே முதல் வண்டி பக்கம். "ரெண்டு லட்சத்தைத் தொடப்போற வண்டியை எவனாவது காசு குடுத்து வாங்குவானா மாமா?" என்றான் மச்சான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். சிதம்பரத்துக்காரரிடம் பேசிய பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. அவர் வேலை பார்த்தது கடலூரில். தினமும் போக வர 90 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 2,250, வருஷத்துக்கு 27,000. 2015-ல் வாங்கி 2022-ல் ரிட்டயர் ஆகும்வரை ஏழு வருஷம், கொரோனாவில் அடைந்து கிடந்த மாதங்களைக் கழித்தால் ஒன்றே முக்கால் லட்சம் பக்கம் வருகிறது. மீட்டர் சொல்வதும் அவர் வாழ்க்கை சொல்வதும் ஒத்துப்போகிறது. எந்த வண்டியிலும் நான் முதலில் தேடச் சொல்வது இந்தப் பொருத்தத்தைத்தான்.

அடுத்து, எஞ்சினுக்குக் கிலோமீட்டர் தெரியாது. அதற்குத் தெரிந்தது எத்தனை மணி நேரம் சுற்றினோம், எத்தனை முறை குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆனோம் என்பதுதான். சிதம்பரம் ரோட்டில் மணிக்குச் சராசரி 45 என்று வைத்தால் 1,82,000 கிலோமீட்டருக்கு சுமார் 4,000 மணி நேரம். கடலூர் டவுனுக்குள், திருப்பாதிரிப்புலியூருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் நடுவே, சராசரி 16 தாண்டாது. 58,000 கிலோமீட்டர் ஓட 3,600 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று மடங்கு வித்தியாசம் என்று மீட்டர் காட்டுவது, மணிக்கணக்கில் கிட்டத்தட்ட சமமாகிவிடுகிறது.

ஸ்டார்ட் கணக்கு இன்னும் மோசம். டிசையருக்கு 45 கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டார்ட், மொத்தம் 4,000 சொச்சம். டவுன் வண்டி ஒரு தடவைக்கு நாலு கிலோமீட்டர் என்றால் 14,500 ஸ்டார்ட். எல்லாமே ஆறிய எஞ்சினில் நடந்தவை அல்ல, சரி. ஆனாலும் ஸ்டார்ட் ஆன முதல் நொடிகளில் ஆயில் மேலே போய்ச் சேர்வதற்குள் தேய்மானம் அதிகம். நாலு கிலோமீட்டரில் எஞ்சின் முழுச்சூட்டுக்கு வருவதும் இல்லை. ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் அதிலேயே தங்கும். கிளட்ச், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார் மூன்றுக்கும் டவுன் ஓட்டம்தான் எமன்.

இதை வைத்து, நிறைய ஓடின வண்டிக்கு ஒன்றுமே ஆகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் தூரத்தோடு தேய்பவை. டீசலில் இன்ஜெக்டரும் டர்போவும் ஒரு கட்டத்தில் கை காட்டும். ஆனால் இவை எதுவும் ரகசியம் இல்லை. 1,82,000 என்று மீட்டரிலேயே எழுதியிருக்கிறது, அதற்காகத்தான் விலையும் குறைந்திருக்கிறது. எனக்கு உண்மையான பயம் எழுதப்படாத விஷயங்களில்.

கடலூர் மாவட்டத்தில் எழுதப்படாத விஷயம் என்றால் தண்ணீரும் உப்பும். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் புகுந்தது. பதினைந்து வருஷத்துக்குள் இத்தனை. 2014 மாடல் கார் ஒன்று இதில் இரண்டையாவது பார்த்திருக்கும். அது மொட்டை மாடி உயரத்தில் நின்றதா, இடுப்பளவு தண்ணீரில் நின்றதா என்பது மீட்டரில் வராது. தண்ணீரில் நின்ற வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் பத்து வருஷம் கிழடாகிவிடும். சீட்டைக் காயவைத்து, உள்ளே வாட்டர் சர்வீஸ் பண்ணி, வாசனை அடித்துவிட்டால் பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் மாதிரியான பெட்டிகள் பல கார்களில் தரை மட்டத்தில்தான் இருக்கின்றன. அவற்றின் கனெக்டர்களுக்குள் போன ஈரம் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும்.

உப்பு வேறு மாதிரி. தேவனாம்பட்டினம், துறைமுகம் பக்கம் வெளியிலேயே நிற்கும் வண்டிகளில் வீல் ஆர்ச்சின் உள்பக்கம், கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, டிக்கி தரை, பிரேக் பைப், ஏ.சி. கண்டென்சர் இவற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். மீன் பெட்டி ஏற்றிய ஆம்னி என்றால் துரு உள்ளேயிருந்து வெளியே வரும். மேலே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் ஒரு மழைக்குக் கொப்பளிக்கும்.

எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு முதலில் டவுன் வண்டியைப் பார்க்கப் போனேன். அவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. முன்சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, டார்ச் அடித்து சீட் ஓடும் தண்டவாளத்தைப் பார்த்தார். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்தார். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியை விரலால் வழித்தார். டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து ஸ்குரூக்களைப் பார்த்தார். தண்டவாளத்தில் துரு, பெல்ட்டின் அடிப்பகுதியில், வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே இருக்கும் இடத்தில், மங்கலாக ஒரு பழுப்புக் கோடு, ஸ்டெப்னிக் குழியின் மூலையில் மாவு மாதிரி வண்டல். "கார்ப்பெட் மட்டும் புதுசு பாருங்க சார்" என்றார். புரோக்கர், "பீச்சுக்குப் போன மண்ணுண்ணே அது" என்றார். இருக்கலாம். ஆனால் பீச் மணல் கரகரவென்று இருக்கும், விரலில் இப்படி ஒட்டாது.

இன்னொரு வழி இன்சூரன்ஸ் பேப்பர். கிளெய்ம் எடுக்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளெய்ம் வந்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். பழைய பாலிசிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த வருஷம் விழுந்தது என்று தெரியும். போனஸ் வண்டிக்கு இல்லை, ஓனருக்கு. முந்தைய வண்டியிலிருந்து கொண்டுவந்திருக்கலாம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டிக்குப் பழைய பேப்பர் கேட்டேன். தேர்ட் பார்ட்டி பாலிசி ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றார்கள்.

அந்த 58,000-மும் உண்மையா என்று சந்தேகம் வந்தது. டிஜிட்டல் மீட்டரை மாற்ற முடியாது என்பது கட்டுக்கதை. லேப்டாப் வைத்திருப்பவனுக்கு அது சின்ன வேலை. அமெரிக்காவிலேயே வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்கு மேல் கார்கள் பொய் மீட்டரோடு விற்கப்படுவதாக அங்குள்ள சாலைப் பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீடு. பெல்ஜியத்தில் 2006-லிருந்து "கார்-பாஸ்" என்று ஒன்று உண்டு: கராஜ்களில் வேலை நடக்கும்போது மீட்டர் எண்ணைப் பதிந்து வைப்பார்கள், அந்தச் சரித்திரம் இல்லாமல் பழைய காரை விற்கவே முடியாது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ரப்பரைத்தான் நம்ப வேண்டும். பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகி, ஸ்டீயரிங் பளபளத்து, டிரைவர் சீட்டின் இறங்கும் ஓரம் அமுங்கியிருந்தால் 58,000-ஐ நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. ஐம்பதாயிரம் ஓடின வண்டியில் மூன்றாவது செட் டயர் ஏன் என்று கேட்கலாம். ஸ்கேனர் மாட்டினால் பல வண்டிகளில் "பழுதுக் குறிகளை அழித்தபின் ஓடிய தூரம்" என்றும் ஒரு எண் கிடைக்கும். நான் பார்த்தபோது அது 11 கிலோமீட்டர். அதாவது நாங்கள் வருவதற்குச் சற்று முன்னால் யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970-ல் இதைப் பற்றித்தான் எழுதினார். மூன்று இதழ்கள் திருப்பியனுப்பிய கட்டுரை அது. 2001-ல் நோபல் பரிசு வரை போனது. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாத சந்தையில், வாங்குபவன் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டு சராசரி விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான், ஓட்டை வண்டிகள்தான் மிஞ்சும். "கம்மியா ஓடின வண்டி" என்ற ஆசைதான் இந்தத் தெரியாமைக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் விலை. சிதம்பரத்துக்காரர் பொய் சொல்ல நினைத்திருந்தால் முதலில் அந்த மீட்டரைத்தான் திருப்பியிருப்பார்.

டிசையரைப் பார்க்கக் காலை ஆறரைக்கே போனோம். பானட்டைத் தொட்டுப் பார்த்தோம், ஜில்லென்று இருந்தது. இது முக்கியம், சூடாக்கி வைத்த எஞ்சின் பல நோய்களை மறைக்கும். முதல் ஸ்டார்ட்டில் வந்தது லேசான கறுப்புப் புகை, டீசலுக்குப் பரவாயில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். ஆயில் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டோம், குபுகுபுவென்று எதுவும் வரவில்லை. முன்பக்கம் லொடலொட, சஸ்பென்ஷன் வேலை இருக்கிறது. கிளட்ச் ரொம்ப மேலே பிடித்தது. டயர் நாலும் போச்சு. சர்வீஸ் பில் ஒரு ஃபைல் நிறைய இருந்தது. அந்த 1.3 லிட்டர் ஃபியட் டீசல் எஞ்சின் மாருதியிலும் டாடாவிலும் நிறைய வண்டிகளில் ஓடியது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும் அதைப் பிரித்துப் பார்த்த கை எல்லா ஊரிலும் இருக்கிறது. நிறைய ஓடின வண்டிக்கு இது பெரிய பலம்.

பழுதுகளை நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்: காசு கேட்கும் பழுது, ரோட்டில் நிறுத்திவிடும் பழுது. ஷாக் அப்சார்பர் போனால் குலுங்கிக்கொண்டே வீடு வந்து சேரலாம். கூலன்ட் ஹோஸ் வெடித்தாலோ, ஆல்டர்னேட்டர் போனாலோ, வயரிங்கில் எங்கோ பச்சைப் பாசி மாதிரி பிடித்து எஞ்சின் அணைந்தாலோ, மத்தியானம் இரண்டு மணிக்கு ஆலப்பாக்கத்தில் அப்பாவோடு நிற்க வேண்டும். எனக்கு முதல் வகை எத்தனை வந்தாலும் சமாளிக்கலாம், இரண்டாவது வகை ஒன்றுகூட வேண்டாம். நிறைய ஓடின வண்டியில் இந்த இரண்டாவது வகையில் பெரும்பாலானதை முன்கூட்டியே மாற்றிவிடலாம்: வாட்டர் பம்ப், ஹோஸ், பெல்ட், பேட்டரி, கிளட்ச். தண்ணீரில் நின்ற வண்டியில் எதை மாற்றுவது? எந்த வயர் எப்போது கைவிடும் என்று மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. அங்கேதான் எனக்கு முடிவாகியது.

பேரம் பேசி 2,55,000-க்கு முடிந்தது. மேலே சொன்ன சாமான்கள், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் சேர்த்து 58,000. மொத்தம் 3,13,000, டவுன் வண்டியின் விலையைவிடக் குறைவு, எல்லாம் மாற்றிய பிறகும்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. ஃபாரம் 29, 30-ல் இரண்டு பேர் கையெழுத்து, லோன் இருந்திருந்தால் ஃபாரம் 35. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற எழுதிக் கொடுங்கள். தேர்ட் பார்ட்டி தானாக உங்களுக்கு மாறும், நம் வண்டிக்கான கவர் மாறாது. விற்பவர்களும் கவனிக்க: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, வண்டியை எப்போதோ கைமாற்றிவிட்டிருந்தாலும் விபத்து நஷ்டஈடு அவர் தலையில் வரும். கடலூரில் பி.ஒய்.01 நம்பர் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும், பாண்டியிலிருந்து என்.ஓ.சி., தமிழ்நாட்டு வரி, மறுபதிவு இதையெல்லாம் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

வாங்கி ஏழு மாதம் ஆகிறது, மீட்டர் 1,88,000 காட்டுகிறது. ரோட்டில் ஒருமுறையும் நிற்கவில்லை. லிஸ்ட்டில் இல்லாத ஒரே செலவு ஏ.சி. கண்டென்சர்: உப்பு அரித்து ஓட்டை, 9,000 ரூபாய். சிதம்பரத்து வண்டிதானே, கடற்காற்று அவ்வளவு பட்டிருக்காது என்று விட்டுவிட்டேன். அந்த வண்டி ஏழு வருஷம் பகல் முழுக்க நின்றது கடலூரில் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சாமான் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை அப்பா ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். "புதுச்சத்திரம் தாண்டினா காத்து நல்லாத்தான்டா வருது" என்றார்.